காற்றைப் பார்த்து விதைக்க வேண்டிய பூ

அஞ்சுகிராமம் பக்கத்து வீடுகளில் சூரியகாந்தி போட்டுப் பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். விதை முளைக்கிறது, செடி நெஞ்சளவு வருகிறது, மொட்டும் விடுகிறது. அதற்குப் பிறகு ஒரு ராத்திரிக் காற்றில் வேரோடு சாய்ந்துவிடுகிறது. சாயாமல் நின்ற செடி பூத்தாலும் நடுவில் விதை பிடிக்காமல் பொக்காகப் போகிறது. பிடித்த நாலு விதையையும் கிளி கொண்டுபோகிறது. "நம்ம மண்ணுக்கு அது ஒத்துவராது" என்று முடித்துக்கொள்கிறார்கள். மண்ணின்மேல் பழி போடுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். செம்மண்ணிலும் மணல் கலந்த மண்ணிலும் நன்றாக வருகிற செடி இது. வெயிலுக்கும் இங்கே பஞ்சமில்லை. மேற்கே குலசேகரமும் அருமனையும் ரப்பரும் மழையுமாக இருக்க, குமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரமான இங்கே, ராதாபுரம் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு, பனையும் தென்னையும் வாழையும் காய்ந்த விளைகளுமாகக் கிடக்கிறது. தவறுவது மண்ணிலும் இல்லை, வெயிலிலும் இல்லை. விதைக்கும் மாதத்தில் தவறுகிறோம்.

அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் இரண்டும் நமக்காகச் சொல்லப்பட்டவை அல்ல என்பது தெரியும். முதலாவது, விதைப் பொட்டலத்தின் முதுகில் இருப்பது. அது குளிர் நாடுகளின் கணக்கு: பனி விலகியதும் விதை, கோடையில் பூ பார். இரண்டாவது, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு. அது ஏக்கர் கணக்கில் எண்ணெய் வித்தாகப் பயிரிடும் விவசாயிக்கானது. 1969-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த ரகங்களோடுதான் இந்தியாவில் சூரியகாந்தி எண்ணெய்ப் பயிராகக் காலூன்றியது. அதற்கு முன்பு அது பூங்காவிலும் பங்களா முற்றத்திலும் நிற்கும் அழகுச் செடி. 1980-இல் பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதல் கலப்பினத்தை வெளியிட்டது; 1990களின் முற்பகுதியில் நாடு முழுவதும் 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவியது. பிறகு நோயும் கட்டுப்படியாகாத விலையும் சேர்ந்து அதைச் சுருக்கிவிட்டன. இன்று நாம் வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினாவிலிருந்து வருவது. 2022-இல் உக்ரைனில் போர் மூண்டதும் இங்கே பலசரக்குக் கடையில் விலை ஏறியது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

தமிழ்நாட்டில் சூரியகாந்தி என்றால் பலருக்கும் கண்ணில் வருவது தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம். குற்றாலச் சாரல் காலத்தில், ஜூலை, ஆகஸ்டில் வயல்கள் மஞ்சளாகப் பூத்து நிற்க, வண்டிகளை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து ஆனியிலோ ஆடியிலோ வீட்டில் விதை ஊன்றுகிறவர்கள் உண்டு. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியும் கூடவே நிற்கிறது. சுந்தரபாண்டியபுரத்திலும் காற்று உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு, செங்கோட்டைக் கணவாய்க் காற்று. ஆனால் அங்கே ஆயிரக்கணக்கான செடிகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. ஓரத்துச் செடிகள் அடி வாங்கி உள்ளே இருப்பவற்றைக் காக்கின்றன. வீட்டு முற்றத்தில் நாலு செடி தனித்தனியாக நின்றால் நாலும் ஓரத்துச் செடிதான்.

அஞ்சுகிராமத்துக் காற்றைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசி நடுவில் தொடங்கிப் புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் அது இறங்குகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைக் காடுபோல நட்டிருப்பது இந்தக் காற்றை நம்பித்தான். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று திசை. அதைப் புரிந்துகொள்ளச் செடியின் சுபாவத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சூரியகாந்தி நாள் முழுக்கச் சூரியனைப் பார்த்துத் திரும்பும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது இளஞ்செடிக்கும் மொட்டுக்கும் மட்டும் உண்மை. தண்டின் கிழக்குப் பக்கம் பகலில் வேகமாக வளர்வதால் நுனி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் வேகமாக வளர, விடிவதற்குள் மறுபடி கிழக்கே திரும்பிவிடுகிறது. வளர்ச்சி முடிந்து பூ விரிந்ததும் இந்த ஆட்டம் நின்றுபோகும். அதன்பிறகு பூ கிழக்கு முகமாகவே நிற்கும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதை விளக்கமாக எழுதினார்கள். தொட்டிகளைத் திருப்பி வைத்துப் பூவை மேற்கே பார்க்க விட்டபோது தேனீக்கள் வருவது மிகவும் குறைந்தது. கிழக்கே பார்த்த பூவுக்குக் காலையில் ஐந்து மடங்கு வரை அதிகம் வந்தன. காலை வெயிலில் பூ சீக்கிரம் சூடாவதுதான் காரணம். மேற்கே பார்த்த பூவைச் செயற்கையாகச் சூடாக்கினால் அதற்கும் தேனீ வரத்து கூடியது.

இப்போது இதை நம் ஊர்க் காற்றோடு சேர்த்துப் பாருங்கள். பூ கிழக்கே பார்த்துத் தலை கவிழ்ந்து நிற்கிறது. அதன் கனம் முழுவதும் கிழக்கே இழுக்கிறது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து வந்து அகன்ற முதுகில் அடிக்கிறது. பாயில் பிடிக்கிற மாதிரிக் காற்று அந்த வட்டத்தில் பிடித்துக்கொள்கிறது. கனமும் காற்றும் ஒரே திசையில் தள்ளும்போது தண்டு எதிர்த்து நிற்க வழியில்லை. கழுத்து ஒடியாவிட்டால் அடிமண் பிளந்து வேர் கிளம்பும். செடி வளர்க்கிறவருக்குத் திறமை போதாததால் வருவது அல்ல இது. அந்த மாதத்தில் அந்த இடத்தில் அப்படித்தான் நடக்கும்.

காற்றின் கெடுதல் இதோடு நிற்பதில்லை. பலமாக அடிக்கும்போது தேனீ பறக்காது. சின்னத் தேனீக்கள் கூட்டை விட்டே கிளம்பாது. இலை சீக்கிரம் வாடுவதால் தண்ணீர் அதிகம் கேட்கும். பூத்தும் பொக்காகப் போவதற்கு இந்தக் காற்று பெரிய காரணம். ஆடியில் விதைக்கப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள், "ஏன் மக்கா அவசரம்? காத்து போகட்டும், மழையும் பெஞ்சு ஓயட்டும்" என்பார்கள். அந்தப் பேச்சில் இருக்கிற விவரம் எந்தப் பொட்டலத்தின் முதுகிலும் இல்லை.

சரி, எப்போது விதைப்பது? வருடத்தைக் கழித்துக்கொண்டே வந்தால் விடை தானே கிடைக்கும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை பூக்கிறபடி எதையும் வைக்கக் கூடாது, காற்று. ஐப்பசி, கார்த்திகையில் பூக்கிற மாதிரியும் வைக்கக் கூடாது; வடகிழக்குப் பருவமழை மகரந்தத்தைக் கழுவிவிடும், கவிழ்ந்த தலையின் முதுகில் தண்ணீர் தேங்கி அழுகல் பிடிக்கும். புயல் பயமும் அப்போதுதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது வாழையும் ரப்பரும் பெருமரங்களும் கிடந்த கிடையை இந்த மாவட்டம் மறக்கவில்லை. மிச்சம் இருப்பது தை தொடங்கிச் சித்திரை முடிய. மார்டன் போன்ற குட்டை ரகம் 75 முதல் 80 நாளில் முடிந்துவிடும். ஐம்பது, அறுபது நாளுக்குள் பூ. ஆகவே மார்கழியில் விதைத்தால் மாசியில் பூக்கும். மண்ணில் மழை ஈரம் இருக்கும், வானம் தெளிந்திருக்கும், வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து மெதுவாக வரும். அது பூவின் முகத்தில் படுகிற காற்று. சாய்க்கிற காற்று அல்ல. இரண்டாவது வாய்ப்பாக மாசித் தொடக்கத்தில் விதைத்தால் சித்திரையில் பூத்து, காற்று எழும் முன்பே அறுப்பு முடியும். இதற்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். பல்கலைக்கழகக் குறிப்பிலும் மார்கழிப் பட்டம் இறவைக்கு உண்டு. நாம் அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஆடிப்பட்டத்தை விட்டுவிட வேண்டும். ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போட மஞ்சள் வேண்டும் என்பவர்களுக்குக் கேந்தி இருக்கிறது. குட்டைச் செடி, அந்தக் காற்றிலும் நின்று பூக்கும்.

மாதம் முடிவானால் அடுத்தது இடம். அஞ்சுகிராமம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது. ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் செப்டம்பர் 1-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்தும், மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்தும் போகும். மார்கழியில் விதைக்கும் செடிக்குத் தெற்கு திறந்திருக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் ஆறடி மதில் நண்பகலிலேயே வடக்குப் பக்கம் மூன்றரை அடிக்கு மேல் நிழல் விழுத்தும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். மதிலுக்கு வடக்கே ஒட்டி நட்டால் செடி வெயில் தேடி மெலிந்து நீண்டு, தாங்க மாட்டாத தண்டோடு நிற்கும். தென்னை நிழலிலும் இதே கதை. நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழுகிற இடம்தான் சரி.

பூ கிழக்கே பார்க்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு இடம் குறிக்க வேண்டும். முற்றத்தின் கிழக்கு ஓரத்தில் வைத்தால் வீட்டுத் திண்ணையிலிருந்து முதுகுதான் தெரியும்; மேற்கு ஓரத்தில் வைத்தால் முகம் தெரியும். மேற்கே பூவரசு, கிளுவை, முருங்கை என்று உயிர்வேலி இருக்கிற வளவுகளில் அந்த வேலியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நடுவது எல்லா வகையிலும் வசதி. காற்றும் தடைபடும், வேர்ப்போட்டியும் குறையும். மாடித் தோட்டத்துக்கு நான் இந்தச் செடியைச் சொல்ல மாட்டேன். ஆணிவேர் ஆறடி ஆழம்கூட இறங்கும் செடி இது. வளர்ப்புப் பையில் அதற்கு இடமில்லை; தென்னை நார்க்கழிவு நிரப்பிய பை கனமில்லாமல் காற்றில் உருண்டுவிடும்.

நடுவதில் பெரிய வித்தை இல்லை. குழியில் தொழு உரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, ஒரு அங்குல ஆழத்தில் இரண்டு விதை. நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது இதற்குப் பிடிக்காது. ஆணிவேர் அறுந்தால் செடி கடைசிவரை தேறாது. குட்டை ரகத்துக்கு ஒன்றரை அடிக்கு ஓரடி, உயரமான கலப்பினத்துக்கு இரண்டடிக்கு ஓரடி இடைவெளி. வரிசையாக வைப்பதைவிட நாலுக்கு ஐந்து என்று கட்டமாக வைத்தால் ஒன்றை ஒன்று தாங்கும், மகரந்தமும் கைமாறும். முதல் வாரம் எறும்பு விதையைத் தூக்காமலும், ஈரத்தில் நத்தை நாற்றைத் தின்னாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நாளில் நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். முப்பதாம் நாள் வாக்கில் அடியில் மண் அணைப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. சாயாமல் நிற்பதற்கு உரத்தைவிட அதுதான் முக்கியம். மாசிப் பட்டத்துச் செடிக்குக் கம்பு ஊன்றுவதானால் மேற்குப் பக்கம் ஊன்றி வாழைநாரால் தளரக் கட்ட வேண்டும். கிழக்கே ஊன்றினால் தண்டு கம்பில் உரசிப் புண்ணாகும். கடலை ஒட்டிய கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும்; சூரியகாந்தி ஓரளவு உவர்ப்பைத் தாங்கும், ஆனால் முளைக்கிற வாரத்தில் நல்ல தண்ணீர் கொடுப்பது நல்லது. மொட்டு விடும்போதும் பூக்கும்போதும் விதை முற்றும்போதும் தண்ணீர் தவறக் கூடாது. பக்கத்திலேயே கீரை விதைக்காதீர்கள். சூரியகாந்தி வேரும் சருகும் விடும் சாறு சிறு விதைகளின் முளைப்பைத் தடுக்கும்.

பூ விரிந்த பிறகு ஒரு வாரம் அதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். நாம் ஒரு பூ என்று சொல்வது நூற்றுக்கணக்கான பூக்களின் கூட்டம். சுற்றியுள்ள மஞ்சள் இதழ்கள் விதை தராதவை, வழிகாட்டிகள் மட்டுமே. நடுத்தட்டில் இருக்கும் சிறு குழல்களே உண்மையான பூக்கள். வெளி வட்டத்திலிருந்து உள்ளே, தினம் இரண்டு மூன்று வரிசையாகத் திறந்துகொண்டு போகும். இன்று திறந்த வரிசை மகரந்தத்தைத் தள்ளிக்கொண்டு நிற்கும். நாளை அதே வரிசையில் சூல்முடி இரண்டாகப் பிரிந்து சுருண்டு மகரந்தத்துக்குக் காத்திருக்கும். ஒரே பூவுக்குள் ஆண் பருவம் முந்திவிடுவதால் பக்கத்து வரிசையிலிருந்தோ பக்கத்துச் செடியிலிருந்தோ மகரந்தம் வந்தாக வேண்டும். அதைக் கொண்டுவர ஆள் வேண்டும். அந்த ஆள் தேனீ.

தேனீ விஷயத்தில் இந்த மாவட்டத்துக்கு ஒரு பெரிய மரபு உண்டு. மார்த்தாண்டத்தில் 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம சீரமைப்பு மையம் பெட்டியில் தேனீ வளர்க்கும் முறையை வீடுகளுக்குக் கொண்டுபோனது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து புழுப்பை நோய் தென்னிந்தியாவின் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தபோது அந்தத் தொழில் ஆட்டம் கண்டு, பிறகு மீண்டது. இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிகள் எல்லாம் மேற்கே, தை முதல் பங்குனி வரை ரப்பர் துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் தேனை நம்பி நிற்பவை. கிழக்கு ஓரத்தில் நமக்கு உள்ளவை சுவர் ஓட்டையில் குடியிருக்கும் கொசுத்தேனீ, புதர்க்கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, எங்கிருந்தோ வரும் மலைத்தேனீ. மாசி, பங்குனியில் காய்ந்த விளைகளில் அவற்றுக்குத் தென்னம்பாளையைத் தவிர அதிகம் இருக்காது. இருபது சூரியகாந்தி அந்த நாளில் பூத்து நின்றால் அது அவற்றுக்குப் பெரிய விருந்து. என்னைக் கேட்டால், இந்த ஊரில் வீட்டில் சூரியகாந்தி போடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

தேனீ போதவில்லை என்றால் கையால் செய்யலாம். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள், மெல்லிய பருத்தித் துணியால் ஒரு பூவின் முகத்தை இலேசாகத் தடவி அப்படியே அடுத்ததில் தடவ வேண்டும். அல்லது பக்கத்துப் பக்கத்துப் பூக்களை முகத்தோடு முகம் வைத்து மெதுவாக உரசலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து முறை. அப்படிச் செய்தும் நடுவில் பொக்கு விழுந்தால் போரான் குறைவாக இருக்கலாம். மஞ்சள் இதழ் விரியத் தொடங்கும்போது ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் போராக்ஸ் கலந்து பூவின் முகத்தில் தெளிப்பது விவசாயிகள் செய்வது, வீட்டுக்கும் பொருந்தும். எந்தக் காரணத்துக்காகவும் பூத்திருக்கும்போது பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. வரவழைத்த விருந்தாளிக்கு விஷம் வைப்பதாகிவிடும். காய்ப்புழுவைக் கையால் பொறுக்கலாம், மாவுப்பூச்சியை வேப்பெண்ணெய்க் கரைசலால் அடக்கலாம். 1997-இல் கர்நாடகத்தின் பாகேபள்ளியில் தென்பட்டு வயல்களைக் காலிசெய்த கருகல் நச்சுயிரி நோய், இலைப்பேன் வழியாகவும் பார்த்தீனியத்தின் மகரந்தம் வழியாகவும் பரவுவது. ஆகவே வேலியோரத்துப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குவதே வைத்தியம்.

எண்ணெய்க்காகப் போடலாமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. ஹெக்டேருக்கு ஏறக்குறைய 55,000 கலப்பினச் செடிகள். நன்றாக விளைந்தால் 1,500 கிலோ. ஒரு செடிக்கு 27 கிராம்தான். இருபது செடியில் அரைக் கிலோ விதை கிடைத்தால் பெரிது. செக்கில் போட அது காணாது. தேங்காயெண்ணெய் புழங்கும் நாஞ்சில் நாட்டில் அதற்கு அவசியமும் இல்லை. வறுத்துக் கொறிக்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம்.

அந்த அரைக் கிலோவுக்கும் பங்காளி உண்டு. பச்சைக்கிளி பால் பிடித்த விதையிலேயே வந்துவிடும். அணில் பின்னால் வரும். கடலோர ஊர்களில் பழைய மீன்வலை சுலபமாகக் கிடைப்பதால் அதைப் போர்த்துகிறார்கள். அது வேண்டாம். கண்ணியில் கால் சிக்கிய கிளி துடித்துச் சாகும். 1972 வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கிளியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம், அது இருக்கட்டும். பார்க்கச் சகிக்காத காரியம் அது. பழைய வேட்டித் துணியைப் பையாகத் தைத்து, இதழ் வாடிய பிறகு விதைக்கு வேண்டிய பூக்களுக்கு மட்டும் கட்டினால் போதும். மற்றதைக் கிளிக்கு விட்டுவிடலாம்.

விதைக்கு வேண்டிய பூ என்றேன். எது அது என்பது வாங்கும்போதே முடிவாகிற சங்கதி. கடைகளிலும் இணையத்திலும் விற்கும் அலங்கார வகைகளில் பல, மகரந்தம் சிந்தாதபடி உருவாக்கப்பட்ட கலப்பினங்கள். மேசை விரிப்பில் கறை படியாது என்பது பூங்கொத்து விற்பவருக்கு நல்லது. மகரந்தம் தேடி வரும் தேனீக்கு ஏமாற்றம். கோ 2 போன்ற எண்ணெய்க் கலப்பினங்கள் நன்றாக விளையும், ஆனால் அவற்றின் விதையை மறுபடி போட்டால் செடிகள் பல மாதிரி வரும். "பத்தடி வளரும்" என்று விளம்பரப்படுத்தும் வெளிநாட்டு ராட்சத வகைகளில் சில பகல் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை. நம் பன்னிரண்டு மணிப் பகலில் சீக்கிரம் பூத்துச் சிறுத்துவிடும். அப்படியே வளர்ந்தாலும் காற்றுக்கு அது முதல் பலி. ஆகவே மார்டன், கோ 4 போன்ற ரக விதைதான் இந்த ஊர் வீடுகளுக்கு என் தேர்வு. எங்கே கிடைக்கும் என்று திருப்பதிசாரத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

தலையின் முதுகு பச்சை மாறி எலுமிச்சை மஞ்சளானால் விதை முற்றிவிட்டது. பூவை அறுத்து, கவிழ்த்துப் போட்டு மூன்று நாள் காயவைத்து, கம்பால் தட்டினால் விதை உதிரும். புது விதைக்கு ஒன்றரை மாதம்போல உறக்கம் உண்டு. உடனே போட்டால் சரியாக முளைக்காது. பங்குனியில் எடுத்தது மார்கழிக்குத்தான் என்பதால் நமக்கு அது தடையில்லை. கடற்காற்றின் ஈரம்தான் தடை. எண்ணெய்ச் சத்துள்ள விதை ஈரத்தில் சீக்கிரம் கெடும். நன்றாகக் காய்ந்த விதையைச் சாம்பலோடு கலந்து, மூடி இறுகும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஆடி, ஆவணியில் ஒருமுறை எடுத்து வெயில் காட்டி வைத்தால், கார்த்திகைக் கடைசியில் பத்து விதையை ஈரத்துணியில் கட்டி முளைப்புப் பார்க்கலாம். ஏழாவது முளைத்தால் அந்த விதையே போதும். குறைந்தால் குழிக்கு மூன்று விதையாகப் போட வேண்டும்.